வேதாளம் ஏறல தம்பி, செல்லு ஏறிச்சி

தம்பி, உன் வூட்டுக் கோழி அஞ்சும் பொழுது சாஞ்சா கூண்டுக்குள்ள போகாம முருங்க மரத்துல ஏறிக்கிதுன்னு வீடியோ எடுத்து ஊரு பூரா அனுப்பிச்சியாமே. "சுதந்திரப் பறவைகள்"னு மேல எழுதி வேற போட்டிருந்த. பேரன் காமிச்சான், பாத்தேன். அதுங்க சுதந்திரத்துக்காக ஏறல கண்ணு, உசுருக்குப் பயந்துக்கினு ஏறுதுங்க. ஆன்லைன்ல ஆயிரக்கணக்குல குடுத்து வரவழைச்சியே மரக்கூண்டு, ஜன்னலு, ஏணி, சாய்ப்புக் கூரை எல்லாம் வச்சி, அதுல உன் கோழி காலு வைக்கறதுக்குள்ள வேற கூட்டம் குடியேறிடுச்சி. வாடகையும் குடுக்கறதில்ல, ராத்திரியானா வூட்டுக்காரி ரத்தத்தையும் விடறதில்ல. அந்தப் பூச்சிக்குப் பேருதான் செல்லு.

நீ படிச்ச புள்ள. சிறுசேரி சிப்காட்டுல ராத்திரி ஷிப்ட்டு பாத்துட்டு வந்து பகல்ல திரைய இழுத்து வுட்டுக்கினு தூங்கற. செல்லுக்கும் அதே உத்தியோகம்தான். பொழுது போனதும் பலகை இடுக்குலருந்து கெளம்பும், தூங்கற கோழி மேல ஏறி வயிறு முட்டக் குடிக்கும், விடியறதுக்குள்ள எறங்கிப் போய் இடுக்குல படுத்துக்கும். நீ என்னடான்னா காலையில பத்து மணிக்குக் கோழியத் தூக்கி மடியில வச்சிக்கினு, றெக்கைய விரிச்சிப் பாத்துட்டு, "ஒண்ணுமே இல்ல ஆயா, கோழி சுத்தமா இருக்கு"ங்கற. ஷிப்ட்டு முடிஞ்சவன ஆபீஸுல போய்த் தேடினா எப்பிடிக் கெடைப்பான்?

சத்து டானிக்கு வாங்கி ஊத்தினியாம். ஊத்து ஊத்து, கோழி குடிச்ச டானிக்க ராத்திரி செல்லு குடிச்சிக்கும். முட்ட கொறஞ்சி போச்சின்னு தீவனக்காரன்கிட்ட சண்டை போட்டியாம். அவன் பாவம், என்னா பண்ணுவான்? கொண்டை வெளுத்திருக்கான்னு பாத்தியா? ரத்தம் போனா செவந்த கொண்டை வெளிறிப் போவும். அதையும் உன்னால முழுசாப் பாக்க முடியாது, ஏன்னா அஞ்சுல ரெண்டு கருங்கோழியா வாங்கி வச்சிருக்க. மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவுலருந்து வந்த கடக்நாத்தாம், கறியும் கருப்பு, கொண்டையும் கருப்பு. அது வெளுத்தா யாருக்குத் தெரியும்? நம்ம ஊரு சிறுவிடையில ரெண்டு வளத்திருந்தா அதும் மூஞ்சியே சொல்லியிருக்கும்.

முட்டையப் பாரு. ஓட்டு மேல சின்னச் சின்ன ரத்தப் பொட்டு இருக்குதா? குடிச்சிட்டுப் படுத்திருந்த செல்லு முட்டைக்கடியில நசுங்கினா அப்பிடி இருக்கும். உன் வூட்டுப் பாப்பா முட்ட எடுத்துட்டு வந்து கையெல்லாம் அரிக்குதுன்னு சோப்ப மாத்திச்சாமே, இப்ப வாஷிங் பவுடரையும் மாத்திடுச்சாமே. கூண்ட மாத்தற வரைக்கும் கடையில இருக்கற எல்லாத்தையும் மாத்திக்கினே இருக்கட்டும். பயப்பட வேணாம்னு ஒண்டி சொல்லு. செல்லு மனுசனையும் கடிக்கும், தடிக்கும், அரிக்கும். ஆனா மனுசன் ஒடம்புல அதால குடித்தனம் பண்ண முடியாது.

இன்னிக்கி ராத்திரி ஒரு காரியம் செய். இருட்டி ஒரு மணி நேரம், ஒன்ற மணி நேரம் போவட்டும். டார்ச்சு எடுத்துக்க. கோழி உக்கார்ற குச்சிக்கடியில, குச்சி போய்ப் பலகையில சொருகற எடத்துல, ஆணி அடிச்ச எடத்துல வெளிச்சம் போடு. ஊசி முனை அளவுல செவப்பா, கருஞ்செவப்பா ஓடும். பசியா இருந்தா சாம்பல் நெறம், குடிச்சிருந்தா செவப்பு. வெள்ளத்துணி ஒண்ண வெரலுல சுத்திக்கினு இடுக்குல தேய். துணியில ரத்தக் கோடு விழுந்தா, வேற பரிசோதனையே வேணாம். பகல்ல பாக்கணும்னா, அந்த இடுக்கு ஓரமா வெள்ளையும் சாம்பலுமா பொடி ஒட்டியிருக்கும். அது அழுக்கு இல்ல, அதுங்க எச்சமும் தோலும்.

ஆனா எதப் பாத்தாலும் செல்லுன்னு கெளம்பிடாத. இதுல கூட்டாளிங்க நெறைய. பகல்லயே கோழி ஒடம்புல, ஆசனவாய் சுத்தி, றெக்கைக்கடியில மஞ்சப் பழுப்பா தட்டையா ஓடுதா, எறகு அடியில வெள்ளையா முட்ட கொத்துக் கொத்தா ஒட்டிக்கினு இருக்குதா, அது பேனு. பொறந்தது, வளந்தது, சாவறது எல்லாம் கோழி மேலயேதான். ஆசனவாய் எறகு கருத்து அழுக்கேறி, பகல்லயும் பொடிப் பூச்சி ஊருதா, அது செல்லுல வேற சாதி. அடைக்கோழிய அது விடாது. இருபத்தியோரு நாளு அடை உக்கார வேண்டியவ பாதியில முட்டைய விட்டுட்டு எழுந்து போனா, "பொறுப்பில்லாத தாயி"ன்னு அவளத் திட்டாத, கூடையக் கவுத்துப் பாரு. கொண்டையிலயும் கண்ணோரமும் கருப்பா புள்ளி புள்ளியா ஒட்டிக்கினு, தட்டினாலும் விழாம இருந்தா தெள்ளு. செவுத்து வெடிப்புல தட்டையா, பெருசா ஒளிஞ்சிக்கினு ராத்திரி வர்றது உண்ணி. அது ரத்தத்தோட விடாது, கோழிக்குக் காய்ச்சலையும் குடுத்துட்டுப் போவும். காலு செதில் தூக்கிக்கினு, தடிச்சி, வெள்ளையா பொரிஞ்சி, நொண்டுதுன்னா அது செதிலுக்கடியிலயே வளை தோண்டிக் குடியிருக்கற கால் செல்லு. அது ராத்திரி பகலு பாக்காது, அங்கயே கெடக்கும்.

"நம்ம ஊருல முருகன் சேவக்கொடியோட இருக்காரு, கோழிக்கு இப்பிடி வரலாமா ஆயா"ன்னு கேட்டியே, அன்னிக்கே சிரிச்சேன். கந்தசாமி கோயில் கொடியில இருக்கற சேவலுக்கு இன்னி வரைக்கும் செல்லு புடிக்கல, நெசந்தான். அதுக்குக் கூண்டு கெடையாதே! சூரன் பாதி மயிலாச்சி, பாதி சேவலாச்சி. திருச்செந்தூருல கடல்ல சண்ட, பரங்குன்றத்துல பூமியில சண்ட, நம்ம திருப்போரூருல ஆகாசத்துல சண்டன்னு பெரியவங்க சொல்லுவாங்க. உன் சண்ட இந்த மூணுலயும் இல்ல தம்பி, பலகை இடுக்குல. அதுக்கு வேலு வேணாம், சுண்ணாம்பு மட்டையும் பழைய பல்லு தேய்க்கற பிரஷ்ஷும் போதும்.

வேலைய ஆரம்பி. கோழிங்கள வெளிய வுட்டுட்டு, கூண்டுல இருக்கற வைக்கோலு, மரத்தூளு, குப்ப எல்லாத்தையும் வாரிக் கொளுத்து. எருக்குழியில போடாத, அங்கருந்து திரும்பி வரும். குச்சிய உருவி வெயில்ல போடு. மூங்கில் குச்சியா இருந்தா, அதும் ரெண்டு முனை ஓட்டையும் செல்லுக்குக் கட்டிக் குடுத்த வூடு. அடைச்சிடு, இல்ல வழவழன்னு இழைச்ச மரக்குச்சி போடு. கொதிக்கற தண்ணிய இடுக்குல ஊத்து, சுரண்டு, காயவை. அப்பறம் சுண்ணாம்பு கரைச்சி இடுக்கு அடையற மாதிரி ரெண்டு தரம் அடி. நல்லாக் காஞ்சப்பறம் கோழிய வுடு. ஈரச் சுண்ணாம்பு கண்ணு, காலு எல்லாத்தையும் பொத்து வுட்டுடும். தென்னங்கீத்து, பன ஓல வேஞ்ச கூரையா இருந்தா பழச மாத்து. உன் கூண்டுல அழகுக்குன்னு அடிச்சிருக்கற ரெட்டப் பலகைய மொதல்ல கழட்டு. அது உனக்கு அழகு, செல்லுக்கு அடுக்கு மாடி.

மூலிகைதான் வேணும்னா, தஞ்சாவூருல கால்நடைப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி மையத்துல இருந்த பேராசிரியர் புண்ணியமூர்த்தி மாட்டு உண்ணிக்குன்னு ஒரு கணக்கு சொல்லியிருக்காரு. பூண்டு பத்துப் பல்லு, வேப்பிலை ஒரு கை, வேப்பம்பழம் ஒரு கை, வசம்பு 10 கிராமு, மஞ்சத்தூளு 20 கிராமு, உண்ணிச்செடி எலை ஒரு கை, துளசி ஒரு கை. அரைச்சி ஒரு லிட்டரு தண்ணியில கலக்கி, வடிகட்டித் தெளிக்கணும். மாட்டு மேல ஒண்டியில்ல, கொட்டாய் இடுக்குலயும் வெடிப்புலயும் அடிக்கணும்னு சொன்னாரு பாரு, அங்கதான் விஷயம் இருக்குது. நீயும் கூண்டு இடுக்குக்கு அடி. வேப்பெண்ணெயத் தண்ணியில அப்பிடியே ஊத்தி "கலக்கவே மாட்டேங்குது"ன்னு முழிக்காத, கொஞ்சம் சோப்புத் தண்ணி சேத்தாத்தான் கலக்கும். உண்ணிச்செடி எலையக் கோழியோ ஆடோ திங்க வுட்டுடாத, அது வெஷம்.

கோழிக்கு என்னா பண்றதுன்னா, அதுவே பண்ணிக்கும். நீ எடம் ஒண்டி குடு. காஞ்ச மணலும் வெறகுச் சாம்பலும் வேப்பிலைப் பொடியும் கலந்து, மழை படாத எடத்துல ஒரு தொட்டி நெறைய வை. பொரண்டு பொரண்டு குளிச்சிக்கும். உன் வூட்டுல கேஸ் அடுப்பு, சாம்பலுக்கு எங்க போவ? அதையும் ஆன்லைன்ல விக்கறாங்களாம், வாங்கிடாத, நம்ம டீக்கடை வெறகடுப்புல கேளு, சும்மாவே குடுப்பான். கால் செல்லுக்கு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியில கால ஊற வச்சி, மெல்லத் தேய்ச்சி, தொடைச்சிட்டு, தேங்கா எண்ணெயோ வேப்பெண்ணெயோ வாஸ்லினோ செதில் மூடற மாதிரித் தடவு. உள்ள இருக்கற செல்லு மூச்சடைச்சிதான் சாவும். வாரத்துக்கு ஒரு தரம், செதில் படியற வரைக்கும். செதிலப் பிச்சி எடுக்காத, மண்ணெண்ணெ ஊத்தாத. உன் காலுல புண்ணு இருந்தா மண்ணெண்ணெ ஊத்திப்பியா?

இப்ப நெசமாலுமே வய்யறேன், கேட்டுக்க. நாய்க்குக் கழுத்துல வுடற சொட்டு மருந்தக் கோழிக்கும் வுட்டியாமே, "உண்ணிக்கு நல்லாக் கேக்குது ஆயா"ன்னு. அதுல பல மருந்துல ஃபிப்ரோனில்னு ஒண்ணு இருக்குதாம். 2017-ல ஐரோப்பாவுல இதே செல்லுக்காகப் பண்ணையில அடிக்கற மருந்து ஒண்ண, யூக்கலிப்டஸ், மெந்தால் மூலிகைன்னு சொல்லி வித்தாங்க. உள்ள ஃபிப்ரோனில் கலந்திருந்திச்சி. நெதர்லாந்து, பெல்ஜியம் பண்ணைங்கள மூடி, முட்டைய லட்சம் லட்சமா அழிச்சாங்க. நாப்பதுக்கும் மேல நாட்டுக்கு அந்த முட்ட போயிருந்திச்சி. படிச்ச தேசத்துலயே "மூலிகை"ன்னு சொன்னா கண்ண மூடிக்கினு வாங்கறாங்க, நீ எம்மாத்திரம்? மருந்து வச்ச கோழி போடற முட்டைய உன் வூட்டுக் கொழந்ததான திங்கும்! பழைய ஆளுங்க யாராச்சும் கமாக்சின் பொடி தூவுன்னா தலையாட்டாத. அதெல்லாம் தடை பண்ணியாச்சி, லிண்டேனும் 2013-லருந்து கூடாது. மாட்டு உண்ணிக்கு விக்கற டெல்டாமெத்ரின் வேணும்னா டாக்டரக் கேட்டு, அவரு சொன்ன அளவுல, கூண்டுக்கு ஒண்டி அடி. தீவனம், தண்ணி எல்லாத்தையும் எடுத்துட்டு அடி, காய்ஞ்சப்பறம் கோழிய வுடு. ஐவர்மெக்டினும் அவரு எழுதிக் குடுத்தாத்தான். குடுத்தா எத்தினி நாளு முட்ட திங்கக் கூடாதுன்னும் கேட்டுக்க.

கூண்டக் காலியாப் போட்டு ஒரு மாசம் ஊருக்குப் போயிட்டு வந்தா பட்டினியில செத்துப் போவும்னு கணக்குப் போடாத. குளிர்ச்சியான எடத்துல செல்லு எட்டு ஒம்பது மாசம் கூடப் பட்டினி கெடக்கும். நம்ம கடலோர ஈரப் புழுக்கத்துல முட்டையிலருந்து பெருசாகி மறுபடி முட்டை வைக்க ஒரு வாரம் போதும். ஐப்பசி கார்த்திகை மழை முடிஞ்சி மெல்ல வெயில் அடிச்சா, இன்னும் குஷியாப் பெருகும். நீ அடிக்கற மருந்து ஓடற பூச்சியக் கொல்லும், இடுக்குல இருக்கற முட்டைய அவ்ளோ சுலபமாக் கொல்லாது. அதனால வாரத்துக்கு ஒரு தரம்னு மூணு தரம் அடிச்சாத்தான் தீரும். மொத தரம் அடிச்சிட்டு, "முடிஞ்சிடுச்சி"ன்னு உக்காந்துக்கறதுதான் உங்க ஆளுங்க வழக்கம்.

அப்பறம், சந்தையில புதுசாக் கோழி வாங்கினா நேரா மத்ததோட சேக்காத, ரெண்டு மூணு வாரம் தனியா வை. கூரைக்கடியில குருவி, மைனா கூடு இருந்தா, குஞ்சு பறந்தப்பறம் அந்தக் கூட்ட எடுத்துடு, செல்லு அங்கருந்தும் எறங்கும். கோழி துவண்டு போய்க் கெடந்தா ஆயா பேச்சக் கேட்டுக்கினு உக்காராத, திருப்போரூரு கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போ, இல்ல கால்நடை ஆம்புலன்ஸு நம்பர் 1962-க்குப் போன் போடு. காட்டுப்பாக்கத்துல வேளாண் அறிவியல் நிலையம் இருக்குது, கோழி வளக்கப் பயிற்சி குடுப்பாங்க, ஒரு நாளு லீவு போட்டுட்டுப் போய் உக்காந்து கேளு.

கோழிக்குப் பண்ற வைத்தியம் கால் பங்கு, கூண்டுக்குப் பண்றது முக்கா பங்கு. மூணாந்தரம் மருந்து அடிக்கப் பொறும இல்லாதவன் கோழி வளக்க வேணாம் தம்பி, கடையில முட்ட வாங்கித் தின்னட்டும்.