எல்லாத்துக்கும் டிக் அடிச்ச மகாராசா

வாலே, வா. மேசையில கம்ப்யூட்டர், கையில டேப்லட், நடுவுல உம் மூஞ்சி மட்டும் சுண்டிப்போய்க் கிடக்கு. டேப்லட்ல ஃபேடரைத் தள்ளினா பாட்டு பதியுத ஆர்டோர் மென்பொருள்ல ஏறுது, ஆர்டோர்ல மவுசால ஏத்தினா டேப்லட் அசைய மாட்டேங்குது, அதானே? எப்படிலே அசையும்? ‘எனக்கும் சொல்லு’ன்னு நீ ஆர்டோர்கிட்ட கேட்டியா? கேக்காமலே எல்லாத்தையும் வந்து சொல்லுததுக்கு அது என்ன, உம் பெரியத்தையா?

கொடைக்கும் கல்யாணத்துக்கும் மைக் செட் கட்டினவன் நான். குமிழைத் திருப்பினா திருப்பின எடத்துலதான் நிக்கும், சத்தமும் அதுலதான். உங்களுக்குக் குமிழ் ஒரு எடம், சத்தம் ஒரு எடம், ரெண்டும் சேதி பேசிக்கிடணும். அதுக்குத்தான் 1997-ல பெர்க்லி பல்கலைக்கழகத்துக்காரங்க ஓ.எஸ்.சி.ன்னு ஒண்ணைக் கொண்டாந்தாங்க. ஆர்டோர் 3819-ங்குற போர்ட்டுல காதை வச்சுக்கிட்டு இருக்கும். கேக்கும், செய்யும், பதில் மட்டும் பேசாது. பேசணும்னா கண்ட்ரோல் சர்ஃபேஸ் பக்கத்துல ஓ.எஸ்.சி.யைத் திறந்து, டீஃபால்ட் ஃபீட்பேக்குங்குற எடத்துல நீதான் டிக் அடிக்கணும்.

அடிச்சிட்டியா? பலே. எத்தனை? எல்லாத்துக்குமா! சவாசு. ஓசியில கிடைக்குன்னா உங்க அப்பனும் இப்படித்தான்.

ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு எண்ணு உண்டு, பாத்தியா? 1-ன்னா மியூட்டு, சோலோ பொத்தான் எரியுதா அணையுதான்னு சொல்லும். 2-ன்னா ஃபேடர், பேன் எங்க நிக்குன்னு சொல்லும். 16 மாஸ்டருக்கு. 32 பாட்டு எந்த பார், எந்த பீட்டுல ஓடுதுன்னு. 64 டைம்கோடு. 128-ம் 256-ம் மீட்டர். ஒண்ணு அளவைச் சொல்லும், இன்னொண்ணு விளக்கு வரிசைக்கு. அதுக்கு மேலயும் போகுது. டைம்கோடு உனக்கு எதுக்குலே? சினிமாவுக்கா பின்னணி கோக்கப் போற? உம் டேப்லட்ல நேரம் காட்ட ஒரு கட்டம்கூடக் கிடையாது. காட்ட எடமே இல்லாத சேதியை வாங்கி எங்க வைப்ப?

இதுல பெரிய வம்பு மீட்டர்தான். ஃபேடர் நீ தொட்டாத்தான் அசையும். மீட்டர் பாட்டு ஓடுத வரைக்கும் ஆடிக்கிட்டே இருக்கும், ஆடுததுக்கெல்லாம் சேதி கிளம்பும். அதுவும் ஒரு டிராக்குக்கா? பேங்க் அளவுன்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல பூச்சியம்னு விட்டிருக்க. பூச்சியம்னா ஒண்ணுமில்லைன்னு நெனச்சியோ? இருக்குத அத்தனை டிராக்கும்னு அர்த்தம். உம் பாட்டுல 60 டிராக்குன்னா 60-க்கும் சேதி வரும். உம் கண்ணுக்குத் தெரியுதது எட்டு. இந்த ஓ.எஸ்.சி. பெரும்பாலும் யூ.டி.பி.யில போகுத சரக்கு. போய்ச் சேந்துச்சா, வழியில விழுந்துச்சான்னு அனுப்பினவன் திரும்பிப் பாக்க மாட்டான். வைஃபை திணறுதப்ப நீ அமுக்கின மியூட்டுச் சேதி விழுந்துட்டா, பொத்தான் ஒண்ணு காட்டும், பாட்டு ஒண்ணு பாடும். பேங்க்கை எட்டாக்கு. 1, 2, 16, மூணையும் கூட்டு. 19. அது போதும்லே. வைஃபை மேல சந்தேகம்னா 8-ஐயும் சேத்துக்க, நொடிக்கொரு தரம் ‘இருக்கேன்’னு துடிச்சுக் காட்டும்.

டிக்கைக் குறைச்ச பொறவும் ஒண்ணும் மாறலைன்னு குதிக்காத. இந்த அமைப்பெல்லாம் புதுசா வந்து சேருத கருவிக்கு. ஏற்கெனவே ஒட்டிக்கிட்டு இருக்குத டேப்லட்டுக்குப் பழசுதான் ஓடும். அங்கேயே கருவிகளைத் துடைச்சுப்போட ஒரு பொத்தான் வச்சிருக்கான், அதை அமுக்கிட்டுப் பொறவு பாரு.

அப்பவும் ஊமையா இருந்தா போர்ட்டைப் பாரு. ஆட்டோன்னு விட்டா, சேதி எந்தப் போர்ட்டுல இருந்து வந்துச்சோ அதுக்கே ஆர்டோர் பதிலை அனுப்பும். டேப்லட்டு ஆப்புல அனுப்புத வாசல் ஒண்ணு, கேக்குத வாசல் வேறயா இருந்தா, ஆளில்லாத வாசல்ல போய்க் கத்திக்கிட்டு நிக்கும். மேனுவல்னு மாத்தி 8000-ன்னு போடு, ஆப்புலயும் அதையே போடு. கெயின் மோடுன்னு ஒண்ணையும் பாத்துக்க: டிபி-யில சொல்லணுமா, ஃபேடர் நிலையா 0-லிருந்து 1 வரைக்கும் சொல்லணுமான்னு. ஆர்டோர் ‘கெயின்’னு பேர் போட்டு மைனஸ் 12-ன்னு அனுப்பும், நீ வரைஞ்ச படம் ‘ஃபேடர்’னு வருததுக்குக் காத்துக்கிடக்கும், விடிய விடிய ரெண்டும் பாத்துக்கிடாது.

உன் கூட்டாளி ஒருத்தன் மோட்டார் இல்லாத மிடிப் பெட்டி வாங்கிட்டு வந்து, ஆர்டோர்ல அதுக்கு ‘மோட்டரைஸ்டு’ன்னு டிக் அடிச்சு வச்சிருக்கானாமே. டிக் அடிச்சா மோட்டார் முளைக்கும்னு நெனச்சுட்டான் போல. அந்த டிக்கை எடுத்துரச் சொல்லு. எடுத்தாத்தான், கையில இருக்குத ஃபேடர் பாட்டோட அளவைத் தொடுத வரைக்கும் ஆர்டோர் பொறுத்துக்கிட்டு இருக்கும். இல்லைன்னா தொட்டதும் சத்தம் சடார்னு தாவும். ஹெட்போன் மாட்டினவன் காது என்னத்துக்கு ஆகும்?

சரி, 19-ஐப் போட்டாச்சா? இப்ப மவுசால முதல் டிராக்கை ஏத்து. டேப்லட்ல ஏறுச்சுன்னா எனக்கு ஒரு டீ வாங்கிக் குடு. ஏறலைன்னா ரெண்டா வாங்கிட்டு வா, வடையும் சேத்து, உக்காந்து பாத்துருவோம்.