உண்ணா அரவமும் உறங்கா உடையாரும்

உண்ணா விடினும் அரவம் மெலியாது;
மெலிவது உடையார் மெய்.

என்பது நூற்பா. இயற்றியவர் இக்கட்டுரையாளரே ஆதலால் பாடபேதம் கிடையாது.

இது என் நுதலிற்றோ எனின், வீட்டில் வளர்க்கும் பாம்பு சாப்பிட மறுத்தால் வைத்தியம் யாருக்குப் பார்க்க வேண்டும் என்பதை உணர்த்துதல் நுதலிற்று. 'அரவம்' என்றது ஈண்டு எல்லாப் பாம்பையும் அன்று. அமெரிக்கச் சோளப்பாம்பு கொடுத்ததை விழுங்கிவிட்டு அடுத்தது எங்கே என்று பார்க்கும் சாதி. அதை வைத்து யாரும் முனைவர் பட்டம் வாங்கிவிட முடியாது. இங்கே கொள்ளப்படுவது பந்து மலைப்பாம்பு. 'உடையார்' என்றது அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பராமரிக்கும் பெருமக்களை. தனக்கு இப்படி ஓர் உடையார் இருக்கிறார் என்பது பாம்புக்குத் தெரியும் என்பதற்குச் சான்றில்லை.

மேற்கு, மத்திய ஆப்பிரிக்கப் புல்வெளிகள் இதன் தாயகம். எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் குடியிருப்பு. பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும், பெயர்க்காரணம் அவ்வளவே. பிரிட்டிஷ்காரர்கள் இதை ராயல் பைத்தான் என்பார்கள். பெனின் நாட்டின் ஊய்டா நகரில் இதற்கென்று கோயிலே இருக்கிறது; அங்கே இது சாப்பிட்டதா என்று யாரும் தராசு வைத்துப் பார்ப்பதாகத் தெரியவில்லை. கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து கப்பலும் விமானமும் ஏறி அயல்நாட்டு வரவேற்பறைக்கு வந்த பிறகுதான் இதன் உண்ணாநோன்பு உலகப் பிரச்சினையாயிற்று.

இனி நிகழ்வை அருகிலிருந்து காண்போம். ஃப்ரீசரில், பட்டாணிப் பொட்டலத்துக்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவே இருந்த எலி முந்தின இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு இறங்கியிருக்கிறது. மாலையில் அதைப் பிளாஸ்டிக் பையோடு வெந்நீரில் போடுகிறார் உடையார். உடல் இளகியதும் எடுத்து, டிஷ்யூ தாளால் ஒற்றி, தலைப்பகுதிக்கு மட்டும் ஹேர் டிரையர் காட்டுகிறார். இது அலங்காரம் அன்று. பாம்பின் உதட்டோரம் வெப்பம் உணரும் குழிகள் உண்டு. உயிருள்ள எலியின் சூடு இருந்தால்தான் அதன் கணக்கில் அது எலி. விளக்கு அணைகிறது. நீண்ட இடுக்கியில் வாலைப் பிடித்து எலி உள்ளே நீட்டப்படுகிறது. நாக்கு இரண்டு முறை வெளியே வருகிறது. தலை மெல்ல நகர்ந்து, மூக்கு எலியின் மூக்கைத் தொடுகிறது. உடையார் மூச்சை அடக்குகிறார். பாம்பு தலையைப் பின்னுக்கு இழுத்து, தன் சுருளின் மேலேயே மோவாயை வைத்துக்கொள்கிறது. நிலாவைக் காட்டிச் சோறூட்டும் தாயைப்போல உடையார் எலியை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறார். கை கடுக்கிறது. எலி ஆறுகிறது. மறுபடி ஹேர் டிரையர்.

இந்நோய்க்கு மருந்து கூறுவோர் பல மதத்தினர். முதலாமவர் வெப்பவாதிகள். பெட்டியின் ஒரு மூலை 32 டிகிரி செல்சியஸை ஒட்டியும் மறுமூலை 26ஐ ஒட்டியும் இருக்க வேண்டும், ஈரப்பதம் வேண்டும், மற்றதெல்லாம் மாயை என்பது இவர்கள் சித்தாந்தம். சொல்வது பெரும்பாலும் சரியாக இருப்பதால் இவர்களை யாருக்கும் பிடிக்காது. அடுத்தவர் மறைவாதிகள்: பாம்புக்கு ஒளிய இடமில்லாவிட்டால் பசி வராது; உடம்பு இடிக்கும் அளவுக்குக் குறுகலான மறைவிடம் இரண்டாவது வை, பெட்டியைத் துணியால் மூடு, கையில் எடுத்துக் கொஞ்சாதே என்பார்கள். கடைசி விதியைத்தான் உடையார்களால் கடைப்பிடிக்க முடிவதில்லை. கவலை வந்தால் பாம்பை எடுத்துப் பார்க்கத் தோன்றுகிறது. எடுத்தால் அது உண்பதில்லை. உண்ணாததால் கவலை வருகிறது. தருக்க நூலார் இதைச் சக்கரக தோஷம் என்பர்.

மணவாதிகளுடையது நளபாகம். ஆப்பிரிக்காவில் பாம்பு தின்பது அந்த ஊர் எலியையும், எலிக்குடும்பத்தைச் சேர்ந்த ஜெர்பிலையும். இளம்பாம்புகளும் ஆண்களும் பறவைகளையும் பிடிக்கும். கடையில் விற்கும் வெள்ளெலி அதற்கு ஊர் பேர் தெரியாத பண்டம். ஆகவே எலியை ஜெர்பில் கிடந்த மரத்தூளில் புரட்டுவது, கோழிக்குஞ்சோடு சேர்த்து வைப்பது, உப்பில்லாத கோழிச் சாற்றில் முக்குவது எனச் செய்முறைகள் பெருகியுள்ளன. இவர்களில் தீவிரப் பிரிவினர் செத்த எலியின் மண்டையைக் கீறி மூளை வாடை வரச் செய்வார்கள். இது பலிப்பதும் உண்டு. ஆனால் சனிக்கிழமை இரவு சமையலறையில் கத்தியும் எலியுமாக நிற்பவரிடம், எதற்காக இதெல்லாம் என்று வீட்டார் கேட்டால் சொல்ல வசதியான பதில் ஒன்றும் இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

உயிருள்ள எலியை விட்டுப் பார்க்கலாமே என்பார் ஒரு சாரார். பசியில்லாத பாம்போடு பசியுள்ள எலியை அடைத்துவிட்டுத் தூங்கப் போனால், காலையில் கடிபட்டிருப்பது பாம்பு. இம்மதம் இத்துடன் மறுக்கப்பட்டது.

அற்றேல், பட்டினி கிடந்தால் சாகாதோ எனின், சாகும். ஆனால் உடையார் நினைக்கும் வேகத்தில் அன்று. மார்ஷல் மெக்யூ என்ற அமெரிக்க ஆய்வாளர் 2007இல் வெளியிட்ட ஆய்வு நம் நூற்பாவுக்கு உரையாகவே அமைந்துள்ளது. பந்து மலைப்பாம்பு உட்பட மூன்று இனங்களைச் சேர்ந்த 62 பாம்புகளுக்கு ஏறத்தாழ ஆறு மாதம் ஆகாரமே தரவில்லை. அவை உடலின் எரிபொருள் செலவை 72 சதவீதம் வரைகூடக் குறைத்துக்கொண்டன. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எடை குறைந்தாலும் நீளத்தில் வளர்ந்தன. ஆறு மாதம் ஒன்றுமே தின்னாமல் வளர்ந்து காட்டும் பிராணியின் முன்னால் கோழிச் சாறு எம்மாத்திரம்?

குடலின் கதையும் இதுவே. பர்மிய மலைப்பாம்பை ஆராய்ந்தவர்கள் கண்டது: வயிறு காலியாக இருக்கும்போது குடல் சுருங்கி ஓய்ந்து கிடக்கிறது, இரை விழுந்ததும் மறுபடி பெருக்கிறது, இரண்டே நாளில் இதயத்தின் கீழறைத் தசைகூட 40 சதவீதம் கூடிவிடுகிறது. சாப்பாடு என்பது இவற்றுக்கு அன்றாடக் கடமை அன்று, கட்டுமானப் பணி. மூன்று வேளையும் பழகிய நமக்கு இது புரிவதில்லை. ஒரு வேளை தவறினால் 'வாயே கட்டிப்போச்சு' என்று பதறும் குலத்தில் பிறந்தவர்களுக்கு இன்னும் புரியாது.

உணவில் மட்டுமல்ல, குடும்ப விவகாரத்திலும் பந்து மலைப்பாம்பு பிறர் தயவை எதிர்பார்ப்பதில்லை. 1961இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக்காட்சிசாலைக்கு வந்த ஒரு பெண் பாம்பு, 2020இல், வயது 62ஐத் தாண்டிய நிலையில், 15 ஆண்டுகளுக்கு மேல் ஆண் வாடையே படாமல் ஏழு முட்டை இட்டது. அத்தகைய பிராணி இடுக்கிக்குக் கட்டுப்படும் என்று எதிர்பார்ப்பது ஆராய்ச்சிக்கு ஒவ்வாது.

எனினும் விதிவிலக்கு உண்டு. அதை வேடிக்கையாகச் சொல்லலாகாது. கண் நீலம் பாய்ந்து மங்கினால் சட்டை உரிக்கப் போகிறது என்று பொருள், விட்டுவிடலாம். குளிர்காலமும் இணைசேரும் பருவமும் என்றாலும் அப்படியே. ஆனால் எடை பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கினாலோ, மூச்சில் சீழ்க்கையோ வாயில் கோழையோ கண்டாலோ, ஈறு சிவந்தாலோ, உண்ணி தென்பட்டாலோ, ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் அன்றே போக வேண்டும். சமையலறைத் தராசு இதற்குத்தான். வாரம் ஒருமுறை நிறுத்தால் போதும். மணிக்கொருமுறை நிறுப்பவர் தம்மைத்தான் நிறுத்துக்கொள்கிறார்.

பால் வைத்துப் பார்க்கலாமா என்று தமிழ் வாசகர் கேட்பார் என்பதை எதிர்நோக்கியே இப்பத்தி. கூடாது. பாலைச் செரிக்கும் குடல் பாம்புக்கு இல்லை. தாகம் முற்றினால் எதையும் உறிஞ்சும், அதைப் பக்தி என்று நாம் எடுத்துக்கொண்டோம். ஆசைப்பட்டு ஊர்ப்பாம்பைப் பிடித்து வளர்க்கவும் நினைக்க வேண்டாம்; 1972ஆம் ஆண்டு வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது. பந்து மலைப்பாம்புகள் நம் ஊருக்கு வராமலும் இல்லை. பாங்காக்கிலிருந்து வந்த பயணப் பெட்டிகளில் அவற்றைச் சென்னை விமான நிலையச் சுங்கத்துறையினர் ஒருமுறைக்கு மேல் கைப்பற்றியிருக்கிறார்கள். அன்று அவை சாப்பிட்டிருந்தனவா என்பது ஆய்வுக்குரியது.

நோன்பு முடியும் விதம் பற்றி உடையார்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. வெறுத்துப்போய், எலியைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு விளக்கை அணைத்துப் படுத்த இரவில்தான் அது உண்கிறது. காலையில் எலியைக் காணோம். வெப்பவாதி தெர்மோஸ்டாட்டைப் புகழ்வார், மணவாதி கோழிச் சாற்றை.

மேலாய்வுக்குரிய சிக்கல் ஒன்று எஞ்சி நிற்கிறது. இடைப்பட்ட மாதங்களில் சூடேற்றி மறுக்கப்பட்ட எலிகளைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது. குப்பையில் போட மனம் வராது, காசு கொடுத்து வாங்கியது. ஆகவே மிச்சத்தைத் தின்பதற்கென்றே கிங் ஸ்னேக் எனப்படும் ராஜபாம்பு ஒன்றை வாங்கி வருகிறார்கள். கொடுத்ததையெல்லாம் விழுங்கும், விட்டால் பக்கத்துப் பாம்பையும் விழுங்கும். எனவே அதற்குத் தனிப் பெட்டி, தனி விளக்கு, தனித் தெர்மோஸ்டாட். மிச்சம் தின்ன இன்னொரு பந்து மலைப்பாம்பையே வாங்கி வந்தவர்களும் உளர். அவர்களைப் பற்றி எழுதத் தனி நிதி ஒதுக்கினால் பார்க்கலாம்.