ஒரே பெஞ்சில் வேதியியலும் வணிகவியலும்

கேள்வி: சமூகப்பணிப் பட்டம் பயில என்ன தகுதி வேண்டும்? வகுப்பறைக்கு அதில் வேலை உண்டா? (வாசகர், தொப்பம்பட்டி)

பதில்: இளநிலையான பி.எஸ்.டபிள்யூ.வுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியும், ஈராண்டு முதுநிலையான எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு ஏதேனும் ஒரு பட்டமும் பொதுவாகப் போதுமென்பதால், வேதியியல் படித்தவரும் வணிகவியல் படித்தவரும் ஒரே பெஞ்சில் அமர நேர்கிறது. அந்தப் பெஞ்சோ வாரத்தில் ஓரிரு நாள் காலியாகவே கிடக்கும். காரணம் களப்பணி, அதாவது மருத்துவமனை, சிறார் இல்லம், தொண்டு நிறுவனம் போன்ற இடங்களில் மேற்பார்வையாளரின் கீழ்ப் பணிபுரிந்து, கண்டதை அறிக்கையாக எழுதி மதிப்பெண் பெறும் பயிற்சி. 1936இல் பம்பாயில் டாட்டா அறக்கட்டளையும், 1952இல் சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவும் தொடங்கிய கல்வி நிலையங்கள் இம்முறைக்கு இங்கே வழிகாட்டின. கிராம முகாமும் பாடத்தின் பகுதியே என்பதால், நகரத்து மாணவர் வந்து ஊரின் குறைகளைக் கேட்கும்போது தொப்பம்பட்டிக்காரர் மடை திறந்தாற்போல் பதில் சொல்லலாம். மதிப்பெண் மட்டும் கேட்டவருக்கே போய்ச்சேரும்.