கமிஷனாக நேரம் கேட்கும் தரகர்

கே: நெட்வொர்க் இவ்வளவு வேகமான பிறகும், வெவ்வேறு கணினிகளில் இருக்கும் மென்பொருள் ஆப்ஜெக்டுகள் பேசிக்கொள்ளத் தாமதமாவது ஏன்?

ப: ஒயரைத் திட்டாதீர்கள், பாவம்! 1990-களில் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஷ்மிட் குழுவினர், நொடிக்கு 155 மெகாபிட் பாயும் ஏடிஎம் (பணம் தரும் இயந்திரமல்ல, ஒரு நெட்வொர்க் வகை) நெட்வொர்க்கில், ஆப்ஜெக்டுகளைப் பேசவைக்கும் ‘கோர்பா’ என்ற மென்பொருள் முறையை ஓடவிட்டு அளந்தார்கள். மாட்டியது, நடுவில் உட்கார்ந்திருந்த தரகர் மென்பொருள்.

வந்த தகவலைப் பிரிப்பார், வடிவம் மாற்றுவார், நினைவகத்தில் மறுபடி மறுபடி நகலெடுப்பார், ‘இது எந்த ஆப்ஜெக்டுக்கு?’ என்று பட்டியலை மேலிருந்து கீழே தேடுவார். சரி, அதையாவது பொறுக்கலாம். அவசரச் செய்தியைச் சாதாரணச் செய்திக்குப் பின்னால் நிற்க வைப்பார் பாருங்கள், அதுதான் கொடுமை. போர் விமானத்தில் இந்தச் சமத்துவம் ஆபத்து!

எனவே ‘டாவ்’ என்ற புதுத் தரகரை எழுதினார்கள். பட்டியல் தேடல் இல்லை. செய்தியிலுள்ள எண்ணைப் பார்த்து நேரே அந்த ஆப்ஜெக்டிடம் போய்விடுவார். ஒவ்வொரு முன்னுரிமைக்கும் தனி இணைப்பு. போயிங், போர் விமானக் கணினிகளுக்கே இதை எடுத்துக்கொண்டது.

தரகரைத் திருத்தியாயிற்று. ஒளிதான், கண்ணாடி இழையில் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டரைத் தாண்ட மாட்டேன் என்கிறது. அதனிடம் யார் சிபாரிசும் செல்லாது.