ஊறப்போட்ட ஆங்கிலம்

கம்ப்யூட்டரில் ஆங்கிலம் அடிக்கிறவர்கள் எல்லோரும் அந்தச் சிவப்புக் கோட்டைக் கண்டுதான் பயப்படுகிறார்கள். எனக்கு அதனிடம் பயம் கிடையாது. தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்கிற ஆளை நம்பலாம். கோடு விழாத இடங்கள்தான் எனக்குக் கிலி.

'மேனேஜர்' என்று அடிக்கும்போது நடுவிலுள்ள 'ஏ' நழுவினால் 'மேஞ்சர்' ஆகிவிடும். மாட்டுக்குத் தீவனம் வைக்கிற தொட்டி என்று அர்த்தம். அகராதியில் உள்ள கௌரவமான சொல், அதனால் கோடு விழாது. கடன் கேட்டு வங்கிக்குப் போகிற விண்ணப்பம் 'மதிப்புக்குரிய மாட்டுத் தொட்டி அவர்களுக்கு' என்று பணிவோடு தொடங்கும். 'இன்கன்வீனியன்ஸ்' அடிக்கத் தெரியாமல் திணறினால் செல்போன் தானாக முன்வந்து 'இன்கான்டினென்ஸ்' என்று திருத்திக் கொடுக்கும். சிரமத்துக்கு வருந்த வேண்டிய நிர்வாகம், சிறுநீரை அடக்க முடியாமல் போனதற்கு வருந்தும். 'பப்ளிக்'கில் 'எல்' விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதைக் குடும்பப் பத்திரிகையில் விளக்க முடியாது.

இவற்றுக்கெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். 'நாட்', 'நௌ' விவகாரம் அப்படியல்ல. கடைசி எழுத்து 'டி'யா 'டபிள்யூ'வா என்பதுதான் வித்தியாசம். 'எங்களால் பணம் தர இயலாது' என்று நினைத்து அடித்தது, 'எங்களால் இப்போது பணம் தர இயலும்' என்று போய்ச் சேரும். லண்டனில் 1631இல் ராஜாவின் அச்சகக்காரர்களான ராபர்ட் பார்க்கரும் மார்ட்டின் லூக்காஸும் பைபிள் அச்சடித்தபோது, பத்துக் கட்டளைகளில் ஒன்றில் இந்த 'நாட்' விட்டுப்போயிற்று. விபசாரம் செய்வாயாக என்று கட்டளை வந்துவிட்டது. 300 பவுண்டு அபராதம் விழுந்தது. புனித நூலுக்கே அந்தக் கதி என்றால், கட்டடக் கம்பிக்குக் கொட்டேஷன் அனுப்புகிற நான் எம்மாத்திரம்!

சொந்த எழுத்தைத் திருத்த உட்கார்ந்தால் கண் காகிதத்தைப் படிப்பதில்லை, மனசில் இருப்பதைப் படிக்கிறது. அடுத்தவர் கடிதத்தில் ஒரு 'தி' குறைந்தால் பத்தடி தள்ளி நின்றாலும் தெரிகிறது. நம்முடையதில் ஒரு 'தி' வரியின் கடைசியிலும் அதே 'தி' அடுத்த வரியின் தொடக்கத்திலும் இருந்தால், இரண்டையும் ஒன்றாகவே பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆகவே முக்கியமான கடிதத்தை நான் இட்லி அரிசி மாதிரி ராத்திரி ஊறப்போட்டுவிடுவேன். காலையில் எடுத்தால் யாரோ எழுதியது போலிருக்கும். யாரோ எழுதியதில் குற்றம் கண்டுபிடிப்பது நமக்குக் கைவந்த கலை.

ஊறப்போட நேரமில்லாத நாளில் எழுத்துருவை மாற்றி, பெரிதாக்கி, கடைசி வாக்கியத்தில் தொடங்கி முதல் வாக்கியத்துக்கு ஏறுவேன். வாய்விட்டுப் படிப்பது இன்னும் உத்தமம். ஆனால் "வித் ரெஃபரன்ஸ் டு யுவர் லெட்டர்" என்று காற்றோடு பேசிக்கொண்டிருந்தால் பக்கத்து மேசைத் தம்பி, "யாருண்ணே லைன்ல?" என்று கேட்பான்.

எல்லாப் பிழையையும் ஒரே மூச்சில் தேடினால் ஒன்றும் சிக்காது. ஒரு சுற்று 'ஏ', 'தி'க்கு மட்டும். தமிழில் அப்படி ஒரு சமாச்சாரமே இல்லாததால், ஒன்று மொத்தமாக விட்டுவிடுவோம், அல்லது எதற்கும் இருக்கட்டும் என்று கண்ட இடத்தில் எல்லாம் போட்டுவைப்போம். அடுத்த சுற்று 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்'டுக்கு. நண்பர்கள் பலர் இருப்பதாகத்தான் நினைக்கிறோம், 'எஸ்' போடத்தான் மனசு வருவதில்லை. 'டிஸ்கஸ் அபௌட்', 'ரிடர்ன் பேக்' இரண்டுக்கும் வாலை நறுக்கினால் போதும். 'ப்ரீபோன்', 'டூ தி நீட்ஃபுல்' இரண்டையும் நான் தொடவே மாட்டேன். முதலாவது ஆக்ஸ்போர்டு அகராதியிலேயே ஏறிவிட்டது. இரண்டாவது, வெள்ளைக்காரனே கொடுத்துவிட்டு அவன் மறந்துபோனது. பத்திரமாக வைத்திருக்கிற நம்மைப் பார்த்து அவன் சிரிப்பது என்ன நியாயம்?

பிழையே இல்லாத ஆங்கிலம் என்று நான் பார்த்தது பள்ளிக்கூட லீவு லெட்டர் ஒன்றுதான். 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்.' அப்பா எழுதியதை மகன் எழுதினான், இப்போது பேரனும் எழுதுகிறான், ஓர் எழுத்து மாறவில்லை. அக்கா கல்யாணத்துக்குப் போனவனுக்கும் காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்தவனுக்கும் காய்ச்சல். வயிற்றுப்போக்குக்கு ஆங்கிலத்தில் ஸ்பெல்லிங் எழுதி முடிப்பதற்குள் உடம்பே சரியாகிவிடும்.

கமா விஷயத்தில் நான் காட்டுகிற கறாருக்கு வீட்டில் மரியாதை இல்லை. அதற்காகவே அமெரிக்க வழக்கு ஒன்றை ராத்திரிச் சாப்பாட்டில் எடுத்துவிட்டேன். மெயின் மாநிலத்தில் ஓக்ஹர்ஸ்ட் என்றொரு பால் கம்பெனி. எந்தெந்த வேலைக்கு ஓவர்டைம் கிடையாது என்று அந்த மாநிலச் சட்டம் அப்போது ஒரு பட்டியல் போட்டிருந்தது. அதன் கடைசியில் 'பேக் செய்தல்', 'விநியோகம்' இரண்டும் வந்தன. நடுவில் கமா இருந்திருந்தால் அவை இரண்டு தனித்தனி வேலை. கமா இல்லாததால் விநியோகத்துக்காகப் பேக் செய்வது என்றும் படிக்க முடிந்தது. "நாங்கள் எதையும் பேக் செய்யவில்லை, வண்டிதான் ஓட்டினோம், ஓவர்டைமை எடுங்கள்" என்று டிரைவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் சாய்ந்தது. மறுவருஷம் கம்பெனி 50 லட்சம் டாலருக்கு ராஜியாகப் போயிற்று.

மனைவி ரசக் கரண்டியைக் கீழே வைத்தாள். பரவாயில்லை, கதை உறைத்திருக்கிறது என்று நினைத்தேன்.

"ஏங்க, போடாம விட்ட கமாவுக்கே அவ்வளவு குடுத்தாங்களா?"

"ஆமா. 50 லட்சம் டாலர்."

"நீங்க இத்தனை வருஷமா ஒண்ணு விடாம போட்டுக்கிட்டே இருக்கீங்களே, அதுக்கு உங்க ஆபீஸ்ல எவ்வளவு தர்றாங்க?"