வரி இறங்கியல்: ஐந்து சூத்திரமும் எளிய உரையும்

பாயிரம்

வணிகர் மேல் விதித்த வரி நுகர்வோரை வந்தடையும் வழியைச் சொல்வது இந்நூல். அரசு விதிக்கிறது, வணிகர் கட்டுகிறார், நுகர்வோர் கொடுக்கிறார். மூன்று வினைக்கும் பணம் ஒன்றே என்பது நூலின் துணிபு. கற்றற்குரியார், மளிகைக் கடை பில்லைக் கடைசி வரி வரை படிக்கும் பொறுமை உடையவர். கற்பதனால் விலை குறையாது. குறையாததன் காரணம் விளங்கும்.

சூத்திரம் 1: கட்டுவோன் ஒருவன், சுமப்போன் ஒருவன்.

உரை: ஜிஎஸ்டி சட்டப்படி வரி கட்டும் கடமை விற்பவருடையது. அவர் மனம் நோகாதிருக்க, உள்ளீட்டு வரி வரவு என்றொரு வழியும் அதே சட்டத்தில் உண்டு. நூலுக்குக் கொடுத்த வரியை ஆலைக்காரர் கழித்துக்கொள்வார். துணிக்குக் கொடுத்ததைத் தையல் நிறுவனம் கழித்துக்கொள்ளும். சட்டைக்குக் கொடுத்ததைக் கடைக்காரர் கழித்துக்கொள்வார். அந்தச் சட்டையைப் போட்டுக்கொள்கிறவருக்கு மட்டும் கழிக்க இடமில்லை. அவர் இறுதி நுகர்வோர் எனப்படுவார்.

வினா: நிறுவன லாபத்தின் மேலான வரியும் இப்படி இறங்குமோ?

விடை: இதில் ஆசிரியர்கள் ஒன்றுபடவில்லை. அது முதலீட்டாளர் தலையில்தான் விழும் என்று 1962இல் ஆர்னால்டு ஹார்பர்கர் கணக்கிட்டுக் காட்டினார். பின்வந்தோர் தொழிலாளர் கூலிக்கும் பொருளின் விலைக்கும் அதில் பங்கு வைத்தனர். இந்தியாவில் 2019 செப்டம்பர் 20 அன்று, சலுகைகளை விட்டுக்கொடுக்கும் கம்பெனிகளுக்கு அடிப்படை வரி 30 விழுக்காட்டிலிருந்து 22 ஆனது. இதனாலும் உடன் அறிவித்த பிற சலுகைகளாலும் தான் இழக்கும் வருவாய் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் என்று அரசே சொன்னது. அன்றே சென்செக்ஸ் 1,900 புள்ளிகளுக்கு மேல் ஏறிற்று. தேங்காய் எண்ணெய் விலையில் அதிர்வு கண்டதாக எவரும் சொன்னதில்லை.

சூத்திரம் 2: ஏறுங்கால் விரையும், இறங்குங்கால் தயங்கும்.

உரை: பின்லாந்தில் முடிதிருத்தும் கடைகளுக்கான மதிப்புக் கூட்டு வரி 2007இல் 22 விழுக்காட்டிலிருந்து 8க்கு இறங்கியது, 2012இல் 23க்கு ஏறியது. கத்தரியும் மாறவில்லை, தலையும் மாறவில்லை. ஆராய்ந்தவர்கள் கண்டது, வரி இறக்கத்துக்கு அசைந்ததைப் போல் ஏறக்குறைய இருமடங்கு வரி ஏற்றத்துக்கு விலை அசைந்தது என்பது.

பிரான்சில் 2009 ஜூலையில் உணவகங்களில் உட்கார்ந்து சாப்பிடுவதற்கான வரி 19.6 விழுக்காட்டிலிருந்து 5.5 ஆயிற்று. அந்தப் பயனில் சுமார் 55 விழுக்காடு உரிமையாளருக்கும், 25 ஊழியருக்கும், 16 சரக்குக் கொடுத்தவருக்கும் சென்றதாக ஓர் ஆய்வு சொல்கிறது. கூட்டிக் கழித்து மிச்சம் பார்க்க விரும்புவோர், அது சாப்பிட்டவர் பங்கு என்று அறிக.

நம் நாட்டில் 2017 நவம்பர் 15 முதல், ஏசி உணவகங்களின் வரி 18இலிருந்து 5 விழுக்காடானது. கூடவே அவர்களுடைய உள்ளீட்டு வரவும் பறிக்கப்பட்டது. பல உணவகங்கள் வரி குறைந்ததைப் பில்லின் அடியில் காட்டின. வரவு போனதை மெனு அட்டையில் காட்டின. மொத்தத் தொகை தன் நிலையில் பெரிதும் பிறழாது நின்றது.

சூத்திரம் 3: நகர மாட்டான் மேல் நிற்கும்.

உரை: விலை ஏறினால் 'வேண்டாம்' என்று சொல்லக்கூடிய பொருளில், வரியின் ஒரு பகுதியை விற்பவரே தாங்குவார். சொல்ல முடியாத பொருளில் தாங்குபவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. சாத்துக்குடி ஜூஸை விடலாம், சர்க்கரை நோய் மாத்திரையை விட முடியாது.

வினா: 2020 மே மாதத்தில் பெட்ரோல் மேலான வரி லிட்டருக்கு 10 ரூபாயும் டீசல் மேலானது 13 ரூபாயும் ஏறின. பெட்ரோல் பங்கில் விலை ஏறவில்லையே, சூத்திரம் பொய்த்ததா?

விடை: பொய்க்கவில்லை. அது கச்சா எண்ணெய் விலை விழுந்திருந்த காலம். இறங்கியிருக்க வேண்டிய விலை இறங்காமல் நின்றது. இதனை ஏறாது ஏறல் என்க.

சூத்திரம் 4: கட்டாத வரியும் கனக்கும்.

உரை: இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை ஜன்னல்களை எண்ணி வரி போட்டார்கள். பல குடித்தனம் இருக்கும் கட்டடத்துக்கு அதைக் கட்ட வேண்டியவர் வீட்டுக்காரர். அவர் செங்கல் வைத்து ஜன்னலை அடைத்தார். அடைத்த ஜன்னலால் அரசுக்கு வரவுமில்லை, வீட்டுக்காரருக்குச் செலவுமில்லை. காற்றும் வெளிச்சமும் போனது குடியிருந்தவருக்கு. கஜானாவுக்கு ஒரு காசும் போகாமலேயே வரியைச் சுமக்கலாம் என்பதற்கு இது காட்டு.

இனி இதன் நவீன வடிவம். 2024 செப்டம்பரில் கோவையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் முன்னிலையில் உணவக உரிமையாளர் ஒருவர் முறையிட்டார். அன்று பன்னுக்கு வரி இல்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18 விழுக்காடு. வாடிக்கையாளரோ இரண்டையும் தனித்தனியே கொடு, நானே வைத்துக்கொள்கிறேன் என்கிறார் என்பது முறையீடு. இங்கே நுகர்வோர் தம் மேசையிலேயே உற்பத்தியாளர் ஆகிறார். அவருக்குக் கூலியும் இல்லை, ஜிஎஸ்டி பதிவும் இல்லை. உழைப்பு மட்டும் உண்டு.

சூத்திரம் 5: மீள்பணம் வழியில் தங்கும்.

உரை: 2025 செப்டம்பர் 22 அன்று பிஸ்கட் மேலான வரி 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆனது. கணக்குப்படி ஐந்து ரூபாய்ப் பொட்டலம் 4 ரூபாய் 45 காசுக்கு வரவேண்டும். மீதி 55 காசைக் கொடுக்க நாணயம் வேண்டும். 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்டனவும் 2011 ஜூன் முடிவோடு செல்லாமற்போயின. 50 காசு சட்டப்படி செல்லும், கடைப்படி செல்லாது. ஆகவே சிறு பொட்டலங்களில் விலையை விட்டுவிட்டு எடையைக் கூட்டித் தருவதாக நிறுவனங்கள் கூறின. வரிக்குறைப்பு என்பது கிராமில் அளக்கப்படுவது என்றாயிற்று.

வினா: குறைப்பை விழுங்கினால் கேட்பார் இல்லையா?

விடை: உண்டு. மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 171ஆம் பிரிவு, வரி குறைந்தால் விலையும் குறைய வேண்டும் என்கிறது. அதற்கென ஓர் ஆணையமும் இருந்தது. இந்துஸ்தான் யூனிலீவர் 383 கோடி ரூபாய் அளவுக்குப் பயனைக் கைமாற்றவில்லை என்று அது 2018 டிசம்பரில் ஆணையிட்டது. நிறுவனம் நீதிமன்றம் சென்றது. ஷாம்பு வாங்கியவரைத் தேடிப் பிடித்துப் பணம் தர இயலாதாகையால், அத்தகைய தொகை நுகர்வோர் நல நிதியில் சேர வேண்டும் என்பது விதி. நுகர்வோர் பெயரில் நிதி உண்டு. நிதியில் நுகர்வோர் கை உண்டா என்பது ஐந்து சூத்திரத்துள் அடங்காதது.

அந்த ஆணையத்தின் பணி 2022 டிசம்பரில் போட்டி ஆணையத்துக்கும், 2024 அக்டோபரில் ஜிஎஸ்டி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் போயிற்று. 2025 ஏப்ரல் 1 முதல் 171ஆம் பிரிவின் கீழ்ப் புதுப் புகார் ஏற்பதில்லை. வரி பெருமளவில் குறைக்கப்பட்டது அதே ஆண்டு செப்டம்பரில். குறைப்பு வந்து சேராதவர் 1915 என்ற உதவி எண்ணுக்கு அழைக்கலாம், குறித்துக்கொள்வார்கள். ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் உள்ள தொடர்பு நூலில் சொல்லப்படவில்லை, ஆதலால் உரையிலும் சொல்லப்படவில்லை.