ஈரக்குலையியல்: வீரம் தொங்கும் கொக்கி பற்றிய ஓர் ஆய்வு

துணிச்சலைக் குறிக்க ஆங்கிலேயர் வைத்திருக்கும் சொற்களை வரிசையாக அடுக்கினால் இறைச்சிக்கடை விலைப்பலகை போலத்தான் இருக்கும். 'கரேஜ்' என்பதன் அடியில் இதயத்தைக் குறிக்கும் 'கோர்' என்ற லத்தீன் சொல் கிடக்கிறது. 'கட்ஸ்' என்றால் குடல். 'நேர்வ்' என்றால் நரம்பு. 'பாக்போன்' முதுகெலும்பு. இத்தனையையும் ஒதுக்கிவிட்டு இவ்வாய்வு எடுத்துக்கொண்டது 'பிளக்' என்ற ஒற்றைச் சொல்லை. அதன் பொருளைத் தெளிய ஆக்ஸ்போர்ட் வரை போக வேண்டியதில்லை. அம்பாறை மாவட்டத்து இறக்காமத்தில் விடியற்காலை திறக்கும் இறைச்சிக்கடை போதும் என்பது எமது துணிபு. ஊர்ப்பெயரை 'இறக்காத' என்று பிரித்து, வீரத்துக்குப் பெயரிலேயே சான்று காட்டிவிடும் ஆசை எந்த ஆய்வாளருக்கும் வரும். அதை அடக்கிக்கொண்டோம்.

கடையில் தொடையும் விலாவும் தனித்தனிக் கொக்கியில் இருக்க, ஒரு கொக்கியில் மட்டும் கூட்டுக்குடும்பம் ஒன்று தொங்கும். மேலே வளையம் வளையமாக வெள்ளை மூச்சுக்குழல். அதன் கீழே இளஞ்சிவப்பில், விரலால் அமுக்கினால் பஞ்சு போல் உள்வாங்கும் நுரையீரல். நடுவில் கொழுப்புச் சட்டை போட்ட இதயம். அடியில் கருஞ்சிவப்பாய், ஈரம் மினுங்கும் கல்லீரல். ஒரே இழுவையில் மொத்தமாகப் பிடுங்கி எடுப்பதால் இதற்கு ஆங்கிலக் கசாப்புக்காரர் வைத்த பெயர் 'பிளக்', அதாவது பிடுங்கல். தமிழர் வைத்த பெயர் ஈரக்குலை. எடுத்தவரின் கை வேலையை ஆங்கிலம் பார்த்தது. தொங்கும் அழகைத் தமிழ் பார்த்து, தேங்காய்க்கும் வாழைக்கும் கொடுத்த குலையை இதற்கும் கொடுத்தது. வகைப்பாட்டிலும் தமிழ் ஒரு படி மேல். நுரை போன்றது நுரையீரல், கல் போன்றது கல்லீரல், மண் போன்றது மண்ணீரல் என்று உடற்கூற்றியலைத் தொட்டுப் பார்த்தே எழுதிவைத்திருக்கிறது.

இந்தப் பிடுங்கல் எப்போது வீரமானது? 1785இல் பிரான்சிஸ் குரோஸ் என்பவர் லண்டனில் வெளியிட்ட கொச்சைச்சொல் அகராதியில் 'பிளக்' என்றால் துணிச்சல், அது இல்லாதவன் கோழை என்று இடம்பெற்றுவிட்டது. குரோஸ் பின்னாளில் ஸ்கொட்லாந்துக் கவிஞர் ரொபர்ட் பர்ன்ஸுக்கு நண்பரானார். அந்தப் பர்ன்ஸ், ஆட்டின் ஈரக்குலையைக் கொத்தி ஓட்ஸ் சேர்த்து இரைப்பையில் கட்டி அவிக்கும் 'ஹகிஸ்' என்ற பண்டத்துக்கு 1786இலேயே புகழ்க்கவிதை பாடியவர். ஆக, அகராதிக்காரரும் கவிஞரும் ஒரே கொக்கியைச் சுற்றித்தான் நின்றிருக்கிறார்கள். வோல்டர் ஸ்கொட் தம் நாட்குறிப்பில் இச்சொல்லைப் போக்கிரிகளின் பேச்சு என்று முகம் சுளித்தே கையாண்டார். கிரைமியப் போர் வந்ததும் நிலைமை மாறியது. போர்முனைச் செய்திகளைப் படித்த லண்டன் சீமாட்டிகள்கூட 'பிளக்கி' என்று சொல்லத் தொடங்கியதை 1859இல் ஹொட்டன் என்பாரின் கொச்சை அகராதி குறித்துவைத்தது. கசாப்புக்கடை வாடை எழுபது வருடத்தில் வரவேற்பறை ஏறிய கதை இது.

இனி எமது கண்டுபிடிப்புக்கு வருவோம். ஆங்கிலேயர் எந்த உறுப்பில் வீரத்தை வைத்தார்களோ அதே உறுப்பில் தமிழர் அச்சத்தை வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஈரக்குலை இருந்தால் வீரம். நமக்கு ஈரக்குலை நடுங்கும். அவர்களுக்குக் குடல் இருந்தால் வீரம்; நமக்கு வயிற்றைக் கலக்கும், புளியைக் கரைக்கும். ஒரே கொக்கியில் தொங்கும் சரக்கை இரு இனத்தார் எதிரெதிர் விலையில் வாங்கியிருக்கிறார்கள். இதற்குக் காரணம் கடைக்காரரிடமே இருக்கிறது. ஆங்கிலச் சொல் வெளியே எடுத்த ஈரக்குலைக்குப் பிறந்தது. எடுத்தபின் அது ஆடாது, அசையாது, எவருக்கும் அஞ்சாது. தமிழ்ச் சொல்லோ உள்ளே இருக்கும் ஈரக்குலையைப் பேசுகிறது. உயிருள்ள உடம்பில் அது நடுங்காமல் என்ன செய்யும்? ஆகவே இரண்டு கூற்றும் உண்மை. வேளைதான் வேறு.

மறுப்புகள் வரும். முதலாவது: 'பிளக்' இறைச்சிக்கடையிலிருந்து வரவில்லை, துணிச்சலைப் பிடுங்கி எடுப்பது என்ற பழைய ஆங்கில வினை வழக்கிலிருந்து வந்தது என்பர். வந்திருக்கலாம். ஆனால் அவ்வழக்கும் எமக்கே துணை நிற்கிறது. ஆங்கிலேயர் துணிச்சலைத் தமக்குள்ளிருந்து பிடுங்குகிறார். தமிழர் தைரியத்தை 'வரவழைத்துக்கொள்கிறார்'. வெளியூரில் வசிக்கும் சொந்தக்காரர் போல அதற்கு ஆளனுப்ப வேண்டும். பயத்துக்கு அழைப்பிதழ் தேவையில்லை. அது உள்வீட்டுக்காரர், ஈரக்குலையிலேயே குடியிருக்கிறார்.

இரண்டாவது மறுப்பு கனமானது. நெஞ்சுரம், நெஞ்சழுத்தம் என்று தமிழும் உறுப்பில் வீரம் வைத்திருக்கிறதே என்பர். வைத்திருக்கிறது. ஆனால் வெறும் நெஞ்சு போதாமல் உரமும் அழுத்தமும் போட வேண்டியிருப்பதைக் கவனிக்க வேண்டும். இப்பகுதி முஸ்லிம்களின் பேச்சில் இதயத்துக்குப் புழங்கும் 'கல்பு' இன்னும் சிக்கல்: அந்த அரபுச் சொல்லின் வேருக்குப் புரளுதல், திரும்புதல் என்று பொருள். புரண்டுகொண்டே இருப்பதன் மேல் வீரத்தை எப்படி நிறுத்துவது? ஆங்கிலேயரும் தம் உறுப்புகளை முழுதாக நம்பவில்லை. நரம்பு ஒருமையில் இருந்தால் அவர்களுக்குத் துணிச்சல், பன்மையில் இருந்தால் நடுக்கம். ஷேக்ஸ்பியர் கோழையைத் திட்ட அல்லிப்பூ போல் வெளிறிய ஈரல்காரன் என்கிறார். தொடைநடுங்கி என்று நாம் தொடையில் கண்டுபிடித்ததை அவர்கள் வாலில் கண்டுபிடித்தார்கள். 'கவர்ட்' என்ற சொல் வாலைக் குறிக்கும் லத்தீனிலிருந்து வந்தது.

அப்படியானால் தமிழ் வீரம் எங்கேதான் இருக்கிறது? தொல்காப்பியர் பெருமிதம் பிறக்கும் இடம் நான்கில் ஒன்றாகத் தறுகண்ணை வைத்தார்; எதிரே வருவதைக் கண்டு இமைக்காத கண் என்று அதை விளங்கிக்கொள்ளலாம். கண் ஈரக்குலையில் சேராது, தலையோடு போகும். மற்றொன்று துணிவு. துணிதல் என்றால் வெட்டுப்படுதல், அதிலிருந்து ஐயம் அறுத்து முடிவுக்கு வருதல். நெசவுக்குப் பெயர்போன மருதமுனையில் தறியிலிருந்து அறுத்தெடுக்கும் துணியும் இந்த வேரிலிருந்தே வருகிறது. வள்ளுவரும் தெரிந்துசெயல்வகையில் துணிவை முடிவெடுத்தல் என்ற பொருளிலேயே ஆள்கிறார். ஆக, ஆங்கிலேயர் வீரத்தை வெட்டுப்பட்ட பொருளில் தேடினர். தமிழர் வெட்டும் செயலில் வைத்தனர். கடையில் சொல்வதானால், அவர்களுடையது கொக்கியில், நம்முடையது கத்தியில்.

செய்முறைச் சோதனையும் கருதப்பட்டது. ஈரலில் வீரம் உண்டென்றால் அதை உண்பவருக்கு அது ஏற வேண்டும். ஏறுவது இரும்புச்சத்து மட்டுமே என்பது வைத்தியர்கள் ஒப்பும் செய்தி. களஆய்விலும் தடங்கல் உண்டு: முழுமதிப் போயா நாட்களில் நாடு முழுவதும் இறைச்சிக்கடை பூட்டு என்பதால் மாதத்தில் ஒரு நாளாவது தரவு கிடைக்காது. மற்ற நாட்களில் கேட்கக்கூடியது "காக்கா, அரைக் கிலோ ஈரல் போடுங்க" என்பது மட்டுமே. அரைக் கிலோ தைரியம் கேட்டு எவரும் வருவதில்லை. தரவு தாராளமாகக் கிடைப்பது ஹஜ்ஜுப் பெருநாள் உழ்ஹிய்யாவின்போதுதான். ஆனால் அன்றும் ஆய்வுக்கு அவகாசம் குறைவு. இறைச்சியைப் பங்கு பிரித்து முடிவதற்குள் ஈரல்தான் முதலில் சட்டி ஏறுகிறது. குரோஸ் அகராதியில் பதிந்துவைத்த துணிச்சல் பத்து மணிக்கெல்லாம் மிளகோடு புரண்டு, ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளத் தயாராகிவிடுகிறது.